இரட்டைக் காகம் இதை மறுக்கிறார்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மிசௌரி ஆற்றை ஒட்டி வாழ்கிறவர்கள் ஓமாஹா மக்கள். அவர்களைப் பற்றி ஜேம்ஸ் ஓவன் டார்சி எழுதிய நீண்ட ஆய்வு ஒன்றை அந்நாட்டு அரசின் இனவியல் அலுவலகம் 1884-இல் வெளியிட்டது. டார்சி முதலில் கிறித்தவ ஊழியராகப் போனவர். அப்புறம் ஆய்வாளர் ஆனவர். அந்த மக்களின் மொழியைக் கற்றுப் பேசியவர். குலங்கள், ஒவ்வொரு குலத்துக்கும் உள்ள விலக்குகள், சடங்குகள் என்று வரிசையாக விவரித்துக்கொண்டே போகிறார். நடுநடுவே ஒரு சின்ன வாக்கியம் வந்து நிற்கிறது: "இரட்டைக் காகம் இதை மறுக்கிறார்."

இரட்டைக் காகம் என்பது ஓமாஹா பெரியவர் ஒருவரின் பெயர். யாரோ ஒருவர் சொன்னதை டார்சி எழுதிவைத்திருப்பார். அதை இரட்டைக் காகத்திடம் கேட்டிருப்பார். அவர் "அப்படியெல்லாம் கிடையாது" என்றிருப்பார். டார்சி முதலில் கேட்டதை அடித்துவிடவும் இல்லை, இரட்டைக் காகத்தின் மறுப்பை மறைக்கவும் இல்லை. இரண்டையும் அச்சில் ஏற்றிவிட்டார்.

எட்வர்ட் சபீர் என்ற பெரிய மானிடவியலாளர், தாம் இதைப் படித்து ஒரு காலத்தில் அதிர்ந்துபோனதாக 1938-இல் எழுதினார். ஓர் இனத்தின் வழக்கம் எது என்று தீர்த்துச் சொல்வதுதானே ஆய்வாளரின் வேலை, தனி ஒருவரின் மறுப்புக்கு அங்கே என்ன இடம் என்று அப்போது பலரும் நினைத்தார்கள். டார்சி தன் காலத்தைத் தாண்டி நின்றவர் என்பது சபீருக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு சமூகத்தின் நடுவே போய்த் தங்கி, பார்த்து, கேட்டு எழுதுவதை இனவரைவியல் என்கிறோம். அந்தச் சமூகத்தையே உடன் சேர்த்துக்கொண்டு, எதைக் கேட்பது, எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதையெல்லாம் கூடி முடிவு செய்வதைக் கூட்டு இனவரைவியல் என்று இப்போது சொல்கிறார்கள். பேர் புதிது. ஆனால் முன்னுரையில் நன்றி சொல்வதும் தகவலாளிகளின் பெயரைப் பட்டியல் போடுவதும்கூட இந்தப் பேரிலேயே நடக்கின்றன. ஓர் ஆய்வு உண்மையிலேயே சேர்ந்து செய்ததா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இரட்டைக் காகத்தைத்தான். உள்ளிருப்பவர் "இல்லை" என்று சொல்ல இடம் இருந்ததா? சொன்ன "இல்லை" பக்கத்தில் நிற்கிறதா?

வழிபாட்டை ஆராயும்போது இது இன்னும் கூர்மையாகிறது. உழவு முறையையோ பானை வனைவதையோ பற்றிக் கேட்டால், தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லுவார். தெய்வ காரியத்தில் தெரிந்திருப்பது வேறு, சொல்ல உரிமை இருப்பது வேறு. இன்ன நாளில்தான் சொல்லலாம், இன்னாரிடம்தான் சொல்லலாம், சொன்னால் சொன்னவருக்கு ஆகாது என்ற கட்டுகள் உண்டு. நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து திருமந்திரத்தைக் கேட்டுக்கொண்ட இராமானுசர், வெளியே சொன்னால் நரகம் என்று ஆசான் எச்சரித்தும் ஊரறியச் சொன்ன கதை நமக்கு எல்லோருக்கும் தெரியும். நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்பது அவர் பதில். அந்தக் கதை ஏன் இன்றும் நம்மை உலுக்குகிறது என்றால், சொல்வது என்பது அங்கே வெறும் தகவல் தருவது இல்லை; விலை கொடுத்துச் செய்யும் காரியம்.

ஓமாஹா மக்களிடமும் அப்படி ஒரு காரியம் 1888-இல் நடந்தது.

அவர்களுக்கு ஒரு புனிதக் கம்பம் இருந்தது. இலவம்போல் பஞ்சு பறக்கும் அந்நாட்டு மரம் ஒன்றில் செய்தது. சுமார் இரண்டரை மீட்டர் நீளம். அவர்கள் அதைக் கம்பம் என்று நினைக்கவில்லை, ஆளாகவே நினைத்தார்கள். மரியாதைக்குரிய பெரியவர் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். தலைவரின் மகன் ஒருவன் இரவில் காட்டில் வழி தவறி அலைந்தபோது, எரிந்தும் கருகாத ஒரு மரத்தைக் கண்டான். திரும்பி வந்து சொன்னான். தலைவர்கள் போய்ப் பார்த்து, அந்த மரத்தை வெட்டிக் கொண்டுவந்தார்கள் என்பது தலபுராணம். குலங்கள் சிதறிப் போகாமல் ஒன்றாக இருக்க அவர் நடுவில் இருந்தார். அவருக்கென்று தனிக் கூடாரம், அவரைக் காக்க ஒரு குடும்பம். ஆண்டுக்கொரு முறை காட்டெருமைக் கொழுப்பையும் செங்காவியையும் குழைத்து அவருக்குப் பூசுவார்கள். நம்மூரில் எண்ணெய்க் காப்பு சாத்துகிற மாதிரிதான்.

1870-களில் காட்டெருமைகள் அற்றுப்போயின. வேட்டை போனது, வேட்டையோடு சடங்கும் நின்றது. கம்பத்தைக் காத்துவந்த முதியவரின் பெயர் மஞ்சள் புகை. கிழிந்துபோன கூடாரத்தில் கம்பம் இருந்தது. அவர் இறந்தால் அவரோடு அதையும் புதைத்துவிடுவார்கள் என்ற நிலை.

இந்த இடத்தில்தான் ஃபிரான்சிஸ் லா ஃப்ளெஷ் வருகிறார். 1857-இல் ஓமாஹா ஊரிலேயே பிறந்தவர். அப்பா ஜோசப் லா ஃப்ளெஷ், இரும்புக் கண் என்ற பெயர் கொண்ட தலைவர். டார்சியின் பக்கங்களில் இரட்டைக் காகத்தோடு சேர்ந்து பல இடங்களில் மறுப்புச் சொன்ன அதே ஜோசப்தான். மகன் மிஷன் பள்ளியில் படித்து, வாஷிங்டனில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். 1881-இல் ஓமாஹா ஊருக்கு வந்த ஆலிஸ் ஃப்ளெட்சர் என்ற ஆய்வாளருக்கு முதலில் மொழிபெயர்ப்பாளராகவும், போகப் போக உடன் ஆராய்பவராகவும் ஆனார்.

ஒரு நாள் ஃபிரான்சிஸ் மஞ்சள் புகையிடம் பேச்சைத் தொடங்கினார். இந்தப் பெரியவர் கந்தல் கூடாரத்தில் ஏன் இருக்க வேண்டும், கிழக்கே ஏதாவது நகரத்தில் பெரிய செங்கல் வீட்டில் இருக்கலாமே என்று கேட்டார். முதியவர் மெல்லச் சிரித்தார். ஏதோ ஒரு மெட்டை மெதுவாகச் சீட்டியடித்தார். புகைக்குழாய்க் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், தானும் இதை நினைத்ததுண்டு, நம்பத்தக்க ஆள் யாரும் இதுவரை வந்து கேட்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். இதை ஃபிரான்சிஸே பின்னால் எழுதிவைத்தார். தரையைத் தட்டும் அந்தக் குச்சியை எத்தனை முறை படித்தாலும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. முடிவு ஏற்கெனவே அவர் மனசுக்குள் கனிந்திருந்ததா, இல்லை கேட்டவன் தன் சொந்தப் பிள்ளை மாதிரி என்பதால் மறுக்க முடியாமல் போனதா?

கம்பம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைவிடக் கடினமானது, அதன் கதையைக் கேட்டு எழுதுவது. அதை வெளியில் சொல்வது தெய்வக் குற்றம். பெரியவர்கள் தயங்கினார்கள். இதனால் எந்தத் தண்டனை வந்தாலும் என் தலையில் விழட்டும் என்று ஜோசப் லா ஃப்ளெஷ் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மஞ்சள் புகை வாய் திறந்தார். கதை சொல்லி முடிந்தது. இரண்டு வாரத்துக்குள், அது சொல்லப்பட்ட அதே அறையில் ஜோசப் இறந்து கிடந்தார்.

ஃபிரான்சிஸும் ஃப்ளெட்சரும் இதை ஒளிக்கவில்லை, தங்கள் நூலிலேயே எழுதினார்கள். காரணம் இது, விளைவு இது என்று அவர்கள் முடிச்சுப் போடவும் இல்லை. ஆனால் அந்தச் சாவை ஓமாஹா மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை மகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நூலின் பின்னால் இப்படி ஒன்று இருக்கும்போது, அதில் பங்கேற்றவர்களைத் தகவலாளி என்று ஒற்றைச் சொல்லில் அடக்குவது எனக்குக் கூசுகிறது.

இந்தக் கூட்டில் யாருடைய பெயர் எங்கே அச்சானது என்பதையும் பார்க்க வேண்டும். 1893-இல் வெளியான ஓமாஹா இசை பற்றிய நூலில் ஃப்ளெட்சர்தான் ஆசிரியர். ஃபிரான்சிஸ் லா ஃப்ளெஷ் உதவினார் என்று மட்டும் இருக்கும். 1911-இல் வெளியான, 600 பக்கங்களைத் தாண்டும் 'ஓமாஹா இனம்' என்ற பெரிய நூலில் இருவருமே ஆசிரியர்கள். உதவியாளர் ஆசிரியராக 18 வருடம் ஆகியிருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில், 1909-இல், சென்னையில் எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் வந்தன. முகப்பில் கே. ரங்காச்சாரி உதவியுடன் என்று போட்டிருக்கும். நாம் இன்றும் தர்ஸ்டன் என்றே மேற்கோள் காட்டுகிறோம்.

ஃப்ளெட்சரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் ஓமாஹா மக்களை நேசித்தார், சந்தேகமில்லை. அங்கே அவர் மாதக்கணக்கில் நோயில் படுத்திருந்தபோது மக்கள் அருகில் அமர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டுகளின் அருமை அப்போதுதான் தமக்கு விளங்கியது என்று எழுதினார். அதே ஃப்ளெட்சர்தான் 1883-84-இல் அரசின் முகவராக நின்று, ஊருக்குப் பொதுவாக இருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார். இது அவர்களைக் காப்பாற்றும் என்று நம்பினார். பிரித்த நிலத்தில் பெரும்பகுதி பிறகு வெளியார் கைக்குப் போனது. ஒரு கையில் நோட்டுப் புத்தகம், மறு கையில் நில அளவைப் பட்டியல். ஆய்வாளருக்கு இப்படி அதிகாரம் இருக்கும்போது, எதிரில் இருப்பவர் சொல்லும் "சரி"யில் எவ்வளவு அவருடைய விருப்பம் என்று எப்படிப் பிரித்தறிவது?

நம் கடற்கரையிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் கிறித்தவ ஊழியர் சீகன்பால்கு, தமிழர்களின் சமயத்தை அறிய ஒரு வழி கண்டார். கேள்விகளை எழுதி அனுப்பித் தமிழர்களையே கடிதமாகப் பதில் எழுதச் சொன்னார். இதில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் அழகப்பன். ஐரோப்பியப் பதிவுகளில் அலெப்பா என்று இருக்கும். 1712 முதல் 1714 வரை வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. கேட்டவரின் நோக்கம் மதம் மாற்றுவது. ஆனால் பதில்களில் தமிழர்கள் தங்கள் தெய்வத்தை எடுத்துச் சொன்னதோடு, ஐரோப்பியக் கிறித்தவர்களின் குடியையும் சுத்தமின்மையையும் முகத்துக்கு நேரே கண்டித்திருக்கிறார்கள். அச்சில் எழுதியவர்களின் பெயர் இல்லை. 1713-இல் சீகன்பால்கு எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி நூலோ அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. 1867-இல்தான் சென்னையில் வெளிவந்தது. சாத்தானை விரட்டப் போனவர் அதன் வம்சாவளியை எழுதி அனுப்பினால் எப்படி என்ற சங்கடம் அனுப்பியவர்களுக்கு.

அண்மைக் காலத்துக்கு வந்தால், எலைன் லாலெஸ் என்ற நாட்டார் வழக்காற்றியலாளரின் அனுபவம் நினைவுக்கு வருகிறது. மிசௌரி மாநிலத்தில் பெந்தெகொஸ்தே சபைகளில் பிரசங்கம் செய்யும் பெண்களைப் பற்றி 1988-இல் ஒரு நூல் எழுதினார். ஆண்கள் ஆளும் சபையில் இந்தப் பெண்கள் எப்படிப் பிரசங்க மேடையைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் விளக்கம். நூல் வந்த பிறகு, அதில் இடம்பெற்ற பிரசங்கியார் ஒருவர் தன்னைப் பற்றிய அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இதை லாலெஸ் மறைக்கவில்லை. 1992-இல் அந்தக் கருத்து வேறுபாட்டையே பொருளாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அச்சான பிறகு காட்டுவதில் பயனில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. 1993-இல் வெளியான அடுத்த நூலுக்காக, வெவ்வேறு சபைகளில் ஊழியம் செய்யும் பெண்களைத் தவறாமல் ஓரிடத்தில் கூட்டினார். சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, எழுதியதை அவர்களிடம் கொடுத்துப் பேசவைத்தார். அவர்களுடைய பேச்சும் நூலில் ஏறியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடவுள் என்னை அழைத்தார் என்கிறார் அந்தப் பெண். அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்கிறார் ஆய்வாளர். இரண்டையும் குழைத்து ஒரே விளக்கமாக்க முடியாது. சமூகம் சொன்னதையே அப்படியே எழுதினால் அது சபை வெளியிடும் மலராகிவிடும். ஆய்வாளர் சொன்னதை மட்டும் எழுதினால், பேசியவர் தன் வாழ்க்கையிலேயே வேற்றாளாக நிற்பார். டார்சி செய்ததுதான் எனக்கு இன்றும் நேர்மையாகப் படுகிறது. இரண்டும் நிற்கட்டும்.

இன்னொரு சிக்கல், சமூகம் என்றால் யார் என்பது. பல்கலைக்கழகங்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கச் சொல்கின்றன. தனி ஒருவரின் வாழ்க்கைக் கதைக்கு அது போதும். நம் தெற்குச் சீமையில் சுடலைமாடன் கொடையை எடுத்துக்கொள்ளுங்கள். கணியான் கூத்து ஆடுகிறவருக்கு ஒரு பங்கு, வில்லுப்பாட்டுக்காரருக்கு ஒரு பங்கு, சாமியாடிக்கு ஒன்று, வரி கொடுக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. கோயிலுக்குள் நுழைய நேற்றுவரை அனுமதிக்கப்படாதவர்களும் அந்த ஊரில்தான் இருப்பார்கள். நள்ளிரவுப் பூசையைக் கேமராவில் பதிவு செய்யலாமா என்று கேட்டால் யாருடைய "சரி" செல்லும்? நிர்வாகி தலையாட்டிவிட்டார் என்பதற்காகச் சாமியாடியின் முகத்தைப் படமெடுக்க முடியுமா? அருள் வந்து ஆடும் நேரத்தில் அவர் யாருக்கும் ஒப்புதல் தரும் நிலையில் இல்லை. ஊர்ப் பெரியவர்களோடு மட்டும் கூட்டு வைத்தால், பெண்களின் குரலும் ஓரத்தில் நிற்பவர்களின் குரலும் முதலில் காணாமல் போகும். ஒவ்வொரு பங்காளியிடமும் தனித்தனியாகப் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு கொடை பார்த்தால் போதாது. நாலைந்து வருடம் வேண்டும். ஆய்வுப் பட்டத்துக்கு ஓடும் மாணவருக்கு அந்த நேரத்தை நம் துறைகள் கொடுப்பதில்லை.

ஓமாஹா கம்பத்தின் கதையில் இதே கேள்விதான் நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அது மஞ்சள் புகையின் சொத்தா? அவர் காவலர்தானே? கொடுக்க அவருக்கு உரிமை உண்டா?

முதலில் திரும்பியவை பாட்டுகள். ஃபிரான்சிஸும் ஃப்ளெட்சரும் 1890-களில் மெழுகு உருளைகளில் பதிந்தவை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் இருந்தன. உருளைகளைப் புதிய நாடாக்களுக்கு மாற்றும் திட்டத்தின் கீழ், 1983-இல் ஓமாஹா மக்களின் ஆண்டுத் திருவிழாவுக்கு அவை கொண்டுவரப்பட்டன. 1985-இல் ஓமாஹா இனக்குழு மன்றத்தோடு சேர்ந்து நூலகம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது.

கம்பம் 1989-இல் திரும்பியது. தாயகத்தை விட்டுப் போய் 101 வருடம். 1898-இல் திருடுபோய் நியூயார்க்கில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்த, அவர்களுடைய இன்னொரு புனிதப் பொருளான வெள்ளைக் காட்டெருமைத் தோலும் 1991-இல் வந்தது. ஓமாஹா இன வரலாற்றாளர் டென்னிஸ் ஹேஸ்டிங்ஸும் மானிடவியலாளர் ராபின் ரிடிங்டனும் இந்தத் திரும்புதலைப் பற்றிச் சேர்ந்து எழுதிய நூல் 1997-இல் வந்தது. இரண்டு பெயர்களும் அட்டையில் இருந்தன. 18 வருடம் காத்திருக்கவில்லை.

வந்துவிட்டார் என்று மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள்; அஞ்சியவர்களும் இருந்தார்கள். காவல் குடும்பத்தின் முறை அறுந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. அவரை யார் தொடலாம், எங்கே அமர்த்துவது, நின்றுபோன சடங்கை மறுபடி தொடங்கலாமா? அதைப் பார்த்து வளர்ந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. இருந்தது 1911-ஆம் வருட நூல். செங்காவி பூசும் சடங்கும், அப்போது பாடும் பாட்டுகளும், எரிந்தும் கருகாத மரத்தின் கதையும் அதில்தான் இருந்தன. தண்டனை தன் தலையில் விழட்டும் என்று ஒருவர் சொன்ன பிறகு, மஞ்சள் புகை வாய் திறந்து சொன்ன சொற்கள் அவை. அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மரியாதைக்குரிய பெரியவர் எதிரே நின்றார்கள்.